பெயர் வேண்டாப் பெருங்கொடை: ஹர்குன்வர் சேடாணி அம்மையார் வாழ்க்கை

நம் ஊர் ஜினாலயங்களுள் நுழையும்போது முதலில் பகவானின் திருவுருவத்தைத் தரிசிக்கிறோம். அடுத்து நம் கண்ணில் படுபவை உபயதாரர்களின் பெயர்கள். வாயிற்படி, மணி, மின்விசிறி, குழல்விளக்கு என ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயரும் ஊரும் எழுதப்பட்டிருக்கும். இதில் குற்றமொன்றும் இல்லை. கொடுத்தவரைப் பார்த்து மற்றவரும் கொடுக்க முன்வருவர் என்பதற்காகவே நம் முன்னோர் கல்லில் பெயர் பொறித்து வைத்தனர். ஆயினும், பத்து இலட்சம் ரூபாய்த் திருப்பணியைத் தன் பொறுப்பில் முடித்து, அதன்பின் அதனைக் கணவரின் பெயரால் விளங்கவிட்ட ஒரு சிராவகியின் வரலாறு நம் சிந்தனைக்கு உரியது. குஜராத்தின் தலைமைப் பெருநகராகிய அகமதாபாத்தில் 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹர்குன்வர் சேடாணி அம்மையாரே அவர்.

வணிகப் பெருமக்களைச் சேட் என்று அழைப்பது அந்நாட்டு வழக்கம். அவர்தம் மனைவியரைச் சேடாணி என்பர். பெரும்பாலோர்க்கு அது கணவரால் வந்த மரியாதைப் பெயர். நம் அம்மையார்க்கோ அது அவரே உழைத்து ஈட்டிய பட்டமாக நிலைத்தது. அவர் சுவேதாம்பர நெறியைச் சார்ந்தவர். நாமோ திகம்பர நெறியினர். எனினும் அணுவிரதங்களும் தானமும் சிராவகர் அனைவர்க்கும் பொதுவானவை. ஆதலின் அவர் வாழ்வில் நாம் கற்க வேண்டியவை பல உள.

நகரும் அதன் வணிகரும்

அகமதாபாத் நகரம் 1411ஆம் ஆண்டு சுல்தான் அகமது ஷாவினால் சபர்மதி ஆற்றங்கரையில் நிறுவப்பட்டது. பட்டு, பருத்தி, சரிகை ஆகியவற்றின் நெசவால் அது செழித்தது. முகலாயர் ஆட்சி தளர்ந்தபின் மராத்தியர்தம் பூசல்களால் நலிவுற்றது. 1817-18ஆம் ஆண்டுகளில் கிழக்கிந்தியக் கம்பெனியார் கைக்கு வந்தபோது, நகரின் பல பகுதிகள் பாழடைந்தும் மதில்கள் இடிந்தும் கிடந்தன.

அந்நகரை மீண்டும் எழுப்பியவர்கள் அங்கிருந்த வணிகர்களே. 1830களில் மதிலைப் பழுதுபார்க்க வேண்டியபோது, நெய் முதலான பண்டங்களின் மீது சிறு வரி விதித்துக்கொள்ள நகர மக்கள் இசைந்தனர். அந்த மதில் நிதியே பின்னர் நகராட்சியாக வளர்ந்தது. ஒவ்வொரு தொழிலுக்கும் மகாஜன் என்னும் வணிகர் குழு இருந்தது. நகர மக்கள் அனைவர்க்கும் தலைவராக நகர்சேட் என்பார் விளங்கினார். அப்பதவி முகலாயர் காலத்துச் சாந்திதாஸ் ஜவேரியின் வழிவந்த சமணக் குடும்பத்தாரிடம் இருந்து வந்தது. நாம் கூறவரும் காலத்தில் ஹேமாபாய் என்பாரும், அவருக்குப் பின் அவர் மைந்தர் பிரேமாபாயும் நகர்சேட்டாக இருந்தனர்.

இத்தகைய நகரில் ஓசவால் சமண வணிகராகிய ஹட்டீசிங் கேசரிசிங் என்பார் பெருஞ்செல்வராகத் திகழ்ந்தார். இரயில் பாதை அகமதாபாத்தை எட்டியது 1864ஆம் ஆண்டில்தான். முதல் நூற்பாலை அங்கே இயங்கத் தொடங்கியது 1861இல். ஹட்டீசிங் வாழ்ந்ததோ அதற்கு முந்திய காலம். வண்டிகளிலும் ஒட்டகங்களிலும் சரக்கு சென்றது. பணம் உண்டியல் சீட்டுகளாகச் சென்றது. ஓர் ஊரில் பணத்தைக் கட்டிப் பெற்ற சீட்டைத் தொலைவிலுள்ள மற்றோர் ஊரில் காட்டினால், அங்குள்ள வணிகர் அத்தொகையைத் தந்துவிடுவார். சீட்டில் எழுதிய பெயரின் நாணயம் ஒன்றே அதற்குப் பிணை. அவ்வாறு தொலைதூர ஊர்களிலும் மதிக்கப்பட்ட பெயர் ஹட்டீசிங்கின் பெயராகும்.

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைத்துச் செல்வது முறையன்று. அக்கால அகமதாபாத் வணிகர் பலர் பெரும்பொருள் ஈட்டியது அபின் வணிகத்தினால் ஆகும். மாளவத்தில் விளைந்த அபின் மும்பைத் துறைமுகத்தின் வழியே சீனத்திற்குச் சென்றது. ஹட்டீசிங்கும் அவ்வணிகத்தில் ஈடுபட்டிருந்தவரே. அரசின் அனுமதிச் சீட்டுடன் நடந்த வணிகமாதலின் அன்று பலர் அதனை இழிவாகக் கருதவில்லை. இன்று நாம் அறிந்தவற்றைக் கொண்டு நோக்கும்போது, கடலுக்கு அப்பால் எத்தனையோ குடும்பங்கள் அதனால் சீரழிந்தன என்பது நெஞ்சை உறுத்துகிறது. பொருள் வந்த வழியை மாற்ற ஹர்குன்வர் அம்மையாரால் இயலாது. அது சென்று சேரும் வழியை வகுப்பது மட்டுமே அவர் கையில் இருந்தது.

கோகாவிலிருந்து வந்த மணமகள்

காம்பே வளைகுடாவின் கரையில், இன்றைய பாவநகருக்கு அருகில், கோகா என்னும் பழந்துறைமுகம் உள்ளது. நவகண்ட பார்சுவநாதர் கோயிலால் சுவேதாம்பரர் போற்றும் தலம் அது. ஹர்குன்வர் அவ்வூர்ப் பெண். எளிய குடும்பத்தில் பிறந்தவர். ஹட்டீசிங்கின் மூன்றாம் மனைவியாக அகமதாபாத்தின் பெருமாளிகைக்குள் அடியெடுத்து வைத்தார்.

பெருஞ்செல்வர் வீட்டுக்கு மூன்றாம் மனைவியாகச் செல்வதன் பொருளை நம் வீட்டு முதிய பெண்மணிகள் நன்கு உணர்வர். வீட்டில் பழகிப்போன முறைகள் இருக்கும். வேலையாட்கள், கணக்கர், உறவினர் என ஒரு பெரிய கூட்டம் இருக்கும். புதிதாக வந்தவரை அளந்து பார்க்கும் கண்கள் பல இருக்கும். பிறந்த வீட்டின் செல்வமோ செல்வாக்கோ அவருக்குத் துணையாக இல்லை. அவரிடம் இருந்தவை கூரிய அறிவும், அக்காலப் பெண்களிடம் மிக அரிதாக இருந்த எழுத்தறிவும் ஆகும்.

அந்நாளில் பெண் எழுதப் படிக்கக் கற்பது தேவையற்றது என்று கருதப்பட்டது. சில வீடுகளில் தீங்கு என்றே அஞ்சப்பட்டது. வணிகர் வீட்டுச் சிறுவர்கள் ஆசானிடம் வாய்பாடும் கணக்கும் பயின்று இளமையிலேயே கடைக்குச் சென்றனர். சிறுமியர் சமையலறைக்குச் சென்றனர். இந்நிலையில் படிக்கவும் எழுதவும் கணக்கை உணரவும் வல்ல பெண் ஒருவர் அவ்வீட்டில் இருந்தது பின்னாளில் எத்துணைப் பயன்பட்டது என்பதைக் காண்போம்.

நின்றுபோக இருந்த திருப்பணி

அகமதாபாத் மதிலின் வடபுறத்தில் டில்லி வாயில் என்னும் கோட்டைவாயில் உண்டு. அதற்கு வெளியே பரந்த தோட்டத்தில் பதினைந்தாம் தீர்த்தங்கரராகிய தர்மநாத பகவானுக்கு ஒரு பெருங்கோயில் எடுக்க ஹட்டீசிங் உறுதி பூண்டார். நாட்டில் கொடிய பஞ்சம் நிலவிய காலம் அது என்றும், நூற்றுக்கணக்கான கைவினைஞர்களுக்கு வேலையளித்துக் காப்பதும் அத்திருப்பணியின் நோக்கமாயிற்று என்றும் கூறுவர். பிரேம்சந்த் சலாட் என்னும் சிற்பியார் திட்டம் வகுத்தார். சலாட் என்பது குஜராத்தில் கல்வேலை செய்வோர்க்கு வழங்கும் பெயர்.

திருப்பணி தொடங்கியது. ஆனால் அது நிறைவுறுவதைக் காண ஹட்டீசிங்குக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1845ஆம் ஆண்டில், தம் 49ஆம் அகவையில், அவர் காலமானார்.

அந்நாளைய குஜராத்தில் உயர்ந்த வணிகர் குடும்பத்துப் பெண் கணவனை இழந்தால், வீட்டின் ஒரு மூலையில் பல மாதங்கள் ஒடுங்கியிருத்தல் வேண்டும். வெளியார் முன் வருதல் கூடாது. மங்கல காரியங்களில் முன்னிற்றல் ஆகாது. நம் நாட்டிலும் மூலையில் உட்காருதல் என்னும் சொல் வழங்கியதை நாம் அறிவோம். தலைவரை இழந்த வணிகத்தின் நிலையும் அச்சத்திற்கு உரியதே. உண்டியல் சீட்டின் மதிப்பு மனிதரின் பெயரில் தங்கியிருந்த காலத்தில், அம்மனிதர் இறந்தார் என்ற செய்தி பரவினால் கொடுக்கவேண்டியவர் காலம் தாழ்த்துவர். பெறவேண்டியவர் உடனே வந்து நிற்பர். இத்தகைய சமயத்தில், முடியாத கோயில் ஒன்றும் மலையளவு செலவும் எதிரே நின்றன.

அக்கோயிலை அரைகுறையாக நிறுத்தியிருந்தாலும் அவரை எவரும் பழித்திரார். பெண் என்ன செய்வாள் என்று இரங்கியே பேசியிருப்பர். திருப்பணியை நகர்சேட்டிடமோ மகாஜனத்திடமோ ஒப்படைத்துவிட்டு விரதங்களில் மனத்தைச் செலுத்தியிருந்தாலும் அது புகழுக்குரிய முடிவாகவே கொள்ளப்பட்டிருக்கும். ஹர்குன்வர் அம்மையார் அவ்வெளிய வழியைக் கொள்ளவில்லை. கணவர் விட்டுச்சென்ற வணிகத்தைத் தாமே ஏற்று நடத்தினார். கணவர் தொடங்கிய திருப்பணியையும் தாமே மேற்பார்வை செய்தார்.

இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதை நாம் கவனித்தல் வேண்டும். வணிகம் தளர்ந்தால் சிற்பிகளுக்குக் கூலி இல்லை. கூலி நின்றால் கைவினைஞர் குடும்பங்கள் பசியில் வாடும். கூடிய கைகள் கலைந்துபோகும். ஒருமுறை கலைந்த சிற்பிகளை மீண்டும் ஒன்று சேர்ப்பது அரிது. திருப்பணிக் குழுவில் இருந்து உழைத்தவர்கள் நம்முள் பலர் உளர். அவர்களுக்கு இதனை விரித்துரைக்கத் தேவையில்லை. கடைக் கணக்கு ஒழுங்காக நடந்ததால்தான் உளியின் ஓசை நில்லாமல் ஒலித்தது.

தர்மநாதர் திருக்கோயில்

1848ஆம் ஆண்டில் திருக்கோயில் நிறைவெய்தியது. பத்து இலட்சம் ரூபாய் அளவில் செலவானது. அக்கால நாணய மதிப்பில் அது ஒரு சிற்றரசின் செல்வத்திற்கு ஒப்பானது. பிரதிஷ்டை விழாவுக்குப் பல ஊர்களிலிருந்தும் சங்கத்தார் பெருந்திரளாக வந்து கூடினர். அத்தனை பேர்க்கும் தங்குமிடமும் உணவும் அளித்து உபசரித்த பெருமை அம்மையாரைச் சாரும்.

கோயிலின் அமைப்பை ஒருவாறு கூறுவோம். மூலக்கோயில் இரண்டு நிலைகளை உடையது. கருவறை கீழைக் கோடியில், மூன்று சிகரங்களுடன் விளங்குகிறது. மண்டபத்தின் குவிமாடத்தை நுண்ணிய வேலைப்பாடமைந்த பன்னிரண்டு தூண்கள் தாங்குகின்றன. மூலக்கோயிலில் பதினொரு திருவுருவங்கள் உள்ளன. அவற்றுள் ஆறு நிலவறையில் எழுந்தருளியுள்ளன. புறத்தே மூன்று பக்கங்களில் முகமண்டபங்கள் நீண்டு நிற்கின்றன.

முற்றத்தைச் சூழ்ந்து ஐம்பத்திரண்டு சிறு கோயில்கள் வரிசையாக அமைந்துள்ளன. இவ்வெண் நமக்குப் புதியதன்று. நந்தீசுவர தீபத்தில் ஐம்பத்திரண்டு அகிருத்திம சைத்தியாலயங்கள் உள்ளன என்று ஆகமங்கள் கூறுகின்றன. ஆடி, கார்த்திகை, பங்குனி மாதங்களில் நாம் இயற்றும் நந்தீசுவர பூசையும் அவற்றை நினைந்து செய்வதே. குஜராத்தில் அதே நினைவு கல்லில் வடிக்கப்பட்டுள்ளது. நெறிப்பிரிவுகள் வேறாயினும் நினைவு ஒன்றாக இருப்பதை எண்ணி மகிழ்கிறோம்.

இந்தியக் கட்டடக்கலை வரலாற்றை முதன்முதலாக விரிவாக எழுதிய ஜேம்ஸ் பெர்குசன் என்னும் ஸ்காட்லாந்து அறிஞர், 1876இல் வெளிவந்த தம் பெருநூலில் இக்கோயிலைச் சிறப்பித்துப் பேசுகிறார். புறவாயிலிலிருந்து கருவறை நோக்கிச் செல்லச் செல்ல ஒவ்வோர் உறுப்பும் பெருமையில் உயர்ந்துகொண்டே போகும் அமைப்பை அவர் வியந்தார். பண்டைய சிற்பமரபு இறந்துபடவில்லை, தம் காலத்திலும் உயிருடன் வாழ்கிறது என்பதற்கு இக்கோயிலைச் சான்றாகக் காட்டினார். மேனாட்டு முறைக் கட்டடங்கள் நாடெங்கும் எழுந்துகொண்டிருந்த காலத்தில், மரபுவழிச் சிற்பியர்க்கு வேலையும் கூலியும் தந்து அக்கலையை வாழச் செய்த கை ஒரு பெண்ணின் கை என்பதை நாம் மறத்தலாகாது.

குடும்பம் என்னும் பொறுப்பு

வணிகத்தையும் திருப்பணியையும் ஏற்ற அம்மையார் குடும்பத்தைக் கைவிட்டவர் அல்லர். கணவரின் பெயர் நிலைத்து நிற்கவும், கூட்டுக்குடும்பம் சிதறாமல் இருக்கவும் அவர் காட்டிய அக்கறையே பிற எல்லாவற்றுக்கும் வேராக இருந்தது. வெளியில் பொதுப்பணியாகத் தோன்றியவை, உள்ளே நோக்கின் கணவர்க்குச் செய்யும் கடமையின் நீட்சியே.

நகரின் மாணிக் சௌக் பகுதியில் அவர் வாழ்ந்த பெருமாளிகை இன்றளவும் நின்று, அகமதாபாத்தின் பழைய மரவேலைக்கு ஒரு சான்றாக விளங்குகிறது. மேல்மாடியின் நீண்ட முகப்பைத் தாங்கும் செதுக்கிய மரக்கொடுங்கைகள் காண்போர் உள்ளத்தைக் கவர்வன. வெளியூரிலிருந்து வரும் யாத்திரிகரும் அதனை நின்று பார்த்துச் செல்கின்றனர்.

அவர்தம் குடும்பத்தில் கைவினைஞரைப் பேணும் வழக்கம் பின்னும் தொடர்ந்தது. 1881ஆம் ஆண்டில் மகன்பாய் ஹட்டீசிங் என்பார், லாக்வுட் டி பாரஸ்ட் என்னும் அமெரிக்கக் கலைஞருடன் சேர்ந்து அகமதாபாத் மரச்செதுக்கு நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அங்கே செதுக்கிய தேக்குமர வேலைப்பாடுகள் கடல் கடந்து சென்றன. நியூயார்க்கில் ஆண்ட்ரூ கார்னெகி என்னும் பெருஞ்செல்வரின் மாளிகையில் உள்ள தேக்கு அறை அந்நிறுவனத்தின் கைவண்ணமே.

மருந்தும் கல்வியும்

சிராவகர் செய்யத்தக்க தானங்கள் நான்கு என்று நம் நூல்கள் வகுக்கின்றன. அவை உணவு, மருந்து, நூல், அபயம் என்பன. அம்மையாரின் வாழ்வை இந்நான்கின் வழியே காண்பது நமக்கு எளிது. பஞ்சகாலத்தில் தொடங்கிய திருப்பணியைத் தொடர்ந்து நடத்திக் கைவினைஞர் வீடுகளில் அடுப்பெரியச் செய்தது உணவுக்கொடையே. இனி மற்றவற்றைக் காண்போம்.

19ஆம் நூற்றாண்டின் நடுவில் அகமதாபாத் மக்களுக்கு நல்ல மருத்துவமனை வேண்டியிருந்தது. அம்மையாரும் நகர்சேட் பிரேமாபாயும் பெருந்தொகை வழங்கினர். அங்ஙனம் எழுந்த மருத்துவமனை ஹட்டீசிங் பிரேமாபாய் மருத்துவமனை என்று பெயர் பெற்றது. 1871ஆம் ஆண்டில் பதினான்கு மாணவர்களுடன் மருத்துவப் பள்ளி ஒன்று அந்நகரில் தொடங்கப்பட்டது. அதுவே வளர்ந்து பி.ஜே. மருத்துவக் கல்லூரியாக விளங்குகிறது. அந்நாள் மருத்துவமனையின் வழிவந்ததே அகமதாபாத்தின் மாபெரும் பொது மருத்துவமனை. அங்கே மருந்து பெறுவோர் எம்மதத்தவர், எக்குலத்தவர் என்று எவரும் கேட்பதில்லை. கோயில் தம் சங்கத்தார்க்கு. மருத்துவமனை நகரத்தார் அனைவர்க்கும். இவ்விரண்டையும் ஒரே கை வழங்கியது.

அடுத்தது கல்வி. 1848ஆம் ஆண்டில், அதாவது கோயில் நிறைவெய்திய அதே ஆண்டில், அலெக்சாண்டர் கின்லாக் பார்பஸ் என்னும் ஆங்கில அதிகாரியின் முயற்சியால் குஜராத் தாய்மொழிக் கழகம் அகமதாபாத்தில் நிறுவப்பட்டது. அதன்பின் பெண்களுக்குப் பள்ளி வேண்டும் என்ற எண்ணம் நகரில் எழுந்தது. மகன்பாய் கரம்சந்த் முதலிய சமண வணிகர்கள் அதற்குப் பொருள் ஈந்தனர். அவர்களுடன் ஹர்குன்வர் அம்மையாரும் பெண்கல்விக்கு வாரி வழங்கினார். ஆண்கள் கொடுத்ததற்கும் அவர் கொடுத்ததற்கும் ஒரு வேறுபாடு உண்டு. எழுத்தறிவின் பயனைத் தம் வாழ்வில் அனுபவித்து உணர்ந்தவர் அவர். கணவர் மறைந்த நாளில் கணக்கேட்டைப் படிக்கத் தெரியாதிருந்தால், கடையும் கோயிலும் பிறர் கைக்குப் போயிருக்கும். தமக்குக் கைகொடுத்த எழுத்து நகரின் சிறுமியர்க்கும் கிட்டவேண்டும் என்பதற்காகத் தந்த பொருள் அது.

1866ஆம் ஆண்டில் இங்கிலாந்திலிருந்து வந்த மேரி கார்ப்பெண்டர் என்னும் கல்வித்தொண்டர் அகமதாபாத்தின் பெண்கள் பள்ளிகளைப் பார்வையிட்டார். நாட்டின் பல நகரங்களில் பெண்கல்வி பேச்சளவில் இருந்தபோது, அந்நகரில் சமண வணிகரின் பொருளால் பள்ளிகள் நடந்துகொண்டிருந்தன.

சம்மேத பருவத யாத்திரை

நான்காவதாகிய அபயதானம், அஞ்சுவோர்க்குத் துணையாய் நின்று காப்பது. அம்மையாரின் வாழ்வில் அதற்குரிய செயலாக அவர் நடத்திச் சென்ற தீர்த்த யாத்திரையைக் கூறலாம். இருபது தீர்த்தங்கரர்கள் முத்தியடைந்த சம்மேத பருவதத்திற்கு ஒரு சங்கத்தை அவர் அழைத்துச் சென்றார். தம் கோயிலின் மூலவராகிய தர்மநாதரும் அம்மலையிலேயே மோட்சமெய்தினார்.

மேற்கே குஜராத்திலிருந்து கிழக்கே இன்றைய சார்க்கண்டுக்குச் செல்வது நாட்டையே குறுக்காகக் கடப்பதாகும். இன்று இரயிலில் இரண்டு நாளில் சென்று சேர்ந்து, மலையேறி, வந்தனை முடித்துத் திரும்புகிறோம். அதற்கே கால்வலி பற்றிப் பல நாள் பேசுகிறோம். அந்நாளில் நெடுவழியில் சங்கமாகச் செல்வோர்க்குத் தண்ணீரும் உணவும் தேட வேண்டும். நோயுற்றோரைச் சுமக்க வேண்டும். கள்வர் அச்சத்திலிருந்து காக்க வேண்டும். வசதியற்றவர், முதியவர், தனித்த கைம்பெண்கள் ஆகியோர் தம் முயற்சியால் ஒருநாளும் காணவியலாத மலை அது. சங்கத்தை நடத்துபவர் செலவை ஏற்பதோடு எல்லாருடைய உயிர்க்கும் பொறுப்பேற்கிறார். இவ்வாறு சங்கம் நடத்துவோரைச் சங்கபதி என்று போற்றுவது மரபு. அப்பொறுப்பை ஒரு பெண் ஏற்றது பெருஞ்சிறப்பாகும்.

பட்டமும் பெயரும்

அம்மையாரின் கொடைகளைக் கண்ட ஆங்கில அரசு அவருக்கு நேக் நாம்தார் சகாவதே பகதூர் என்னும் பட்டத்தை வழங்கியது. நற்பெயர் விளங்கும் கொடைவீரர் என்பது அதன் கருத்து. ஆண்களுக்கே அத்தகைய பட்டங்கள் வழங்கப்பெற்ற காலத்தில் ஒரு சமணப் பெண்மணி அதனைப் பெற்றார்.

ஆயினும் இன்று அகமதாபாத்துக்குச் செல்லும் நம்மவர் எதனைக் காண்கின்றனர்? டில்லி வாயிலுக்கு வெளியே உள்ள கோயிலை மக்கள் ஹட்டீசிங் கோயில் என்றே அழைக்கின்றனர். மருத்துவமனை ஹட்டீசிங், பிரேமாபாய் என்னும் இருவர் பெயர்களைத் தாங்கியது. நகரில் ஹர்குன்வர் சேடாணி என்னும் பெயரை மக்கள் நாவில் நிறுத்தி வைத்திருப்பது அவர் வாழ்ந்த வீடுதான். அவர் பிறர்க்கென்று அளித்த பெரும்பணிகளில் கணவர் பெயர் நிற்கிறது. அவர் தமக்கென்று வைத்திருந்த வீட்டிற்கு மட்டும் அவர் பெயர் வழங்குகிறது. இவ்வளவுக்கும் அவ்வீட்டிற்கு அப்பெயரை அவர் கல்லில் பொறித்து வைக்கவில்லை. நன்றியுடைய மக்கள் தாமே அவ்வாறு அழைத்தனர்.

2017ஆம் ஆண்டில் அகமதாபாத்தின் பழைய மதில்நகரம் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டது. இந்தியாவில் அப்பெருமையை முதலில் பெற்ற நகரம் அதுவே. அந்நகரின் மரமாளிகைகளையும் கற்கோயில்களையும் காண உலகெங்கிலுமிருந்து மக்கள் வருகின்றனர். அம்மையார் மறைந்து நூறாண்டுகளுக்கு மேல் சென்றுவிட்டன. ஆயினும் அவர் காத்தளித்தவை நின்று பேசுகின்றன.

நாம் எண்ண வேண்டுவது

பொருளுக்கு அளவு வகுத்துக்கொள்ளுதல் இல்லறத்தார்க்குரிய ஐந்தாம் அணுவிரதம். இதனைப் பொருளீட்டலாகாது என்று சிலர் தவறாகப் பொருள் கொள்வர். ஹர்குன்வர் அம்மையார் பொருளை வெறுக்கவும் இல்லை. அதற்கு அடிமையாகவும் இல்லை. தம்மிடம் வந்தடைந்த செல்வத்தைத் தம் உடைமையாகக் கொள்ளாமல், சேர்ப்பிக்க வேண்டிய இடத்தில் சேர்ப்பிக்கத் தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பொருளாகக் கருதினார். அதனைக் காக்கும் திறமும், கொடுக்கும் மனமும் ஒருங்கே அவரிடம் இருந்தன. திறம் மட்டும் இருந்திருந்தால் அவர் ஒரு பணக்காரக் கைம்பெண்ணாக மறைந்திருப்பார். மனம் மட்டும் இருந்திருந்தால் கோயில் பாதியில் நின்றிருக்கும்.

நம் சமுதாயம் பெரும்பாலும் உழவையும் ஆசிரியப்பணியையும் நம்பி வாழ்வது. பத்து இலட்சம் செலவிட்டுக் கோயில் எடுக்கும் சேட்டுகள் நம்முள் பலர் இல்லை. ஆனால் தந்தையோ கணவரோ தமையனோ தொடங்கிப் பாதியில் விட்டுச்சென்ற நற்பணிகள் நம் ஊர்தோறும் உள்ளன. கூரை வேயப்படாத மண்டபம், பதிப்பிக்கப்படாத ஓலைச்சுவடி, நின்றுபோன பாடசாலை, வறிய மாணவர்க்கென்று தொடங்கி மறக்கப்பட்ட நிதி என்று அவை நம்மை நோக்கிக் காத்திருக்கின்றன. புதிதாக ஒன்றைத் தொடங்கி நம் பெயரை எழுதுவதற்கு உள்ள ஆர்வம், பிறர் தொடங்கியதை முடித்து அவர் பெயரால் விளங்கவிடுவதற்கு நமக்கு உண்டா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. நம் இல்லங்களில் நிலம், கடன், சேமிப்பு பற்றிய செய்திகள் பெண்களுக்குச் சொல்லப்படுகின்றனவா? பட்டம் பெற்ற நம் மகளிர் பலர் இன்று அலுவலகங்களில் பெருந்தொகைக் கணக்குகளைப் பார்க்கின்றனர். ஆயினும் சொந்த வீட்டின் பத்திரம் எந்தப் பெட்டியில் இருக்கிறது என்பதைத் துக்க வீட்டில்தான் முதன்முதலாகத் தேடுகின்றனர். ஆலயக் குழுக்களிலும் அறக்கட்டளைகளிலும் மகளிர்க்குப் பூசைப் பாத்திரம் துலக்கும் பணியைத் தருகிறோம், கணக்கேட்டைத் தருகிறோமா? கோகாவில் எளிய குடும்பத்தில் பிறந்த ஒரு பெண், கணக்கேட்டைத் தம் கையில் ஏந்தியதால் ஒரு கோயில் நிறைவெய்தியது. ஒரு மருத்துவமனை எழுந்தது. சிறுமியர் பள்ளி சென்றனர். முதியோர் சம்மேத பருவதத்தைக் கண்டனர்.

அகமதாபாத்துக்குச் செல்லும் நம் அன்பர்கள் தர்மநாதர் கோயிலைத் தரிசிக்கும்போது, ஐம்பத்திரண்டு சிறுகோயில்களையும் வலம் வந்து, முற்றத்தில் சற்று அமர்ந்து, அம்மையாரின் பெயரையும் நினைவு கூர்வார்களாக. ஊர் திரும்பியபின், முடியாமல் நிற்கும் நற்பணி ஒன்றைக் கையிலெடுப்பார்களாயின் அம்மையார்க்கு அதுவே சிறந்த அஞ்சலியாகும்.

அறம் ஓங்குக.